கொல்லைமேட்டுக் கற்குவையும் குடியானவர் கடமையும்

முன்னர் வட ஆர்க்காடு ஜில்லாவின் பகுதியாயிருந்து 1989-ஆம் ஆண்டில் தனி ஜில்லாவாக அமைந்த திருவண்ணாமலைச் சீமையில், செங்கம், தண்டராம்பட்டு முதலிய தாலுகாக்களின் மேட்டுக் கொல்லைகளில், வட்டமாகப் பதித்த பெருங்கற்களையும் அவற்றின் நடுவே சிறு கற்களைக் குவித்தாற் போன்ற மேடுகளையும் குடியானவர் பலர் கண்டிருப்பர். சிலர் அவற்றை வாலியர் வீடு என்பர். சிலர் பாண்டவர் குழி என்பர். வேறு சிலர் குள்ளர்கள் வாழ்ந்த இடம் என்பர். பெயர் எதுவாயினும், அவை இரும்பைப் பயன்படுத்தத் தொடங்கிய பண்டைக் காலத்து மக்கள் தம்மில் இறந்தோரை அடக்கம் செய்த ஈமக் குழிகளேயாம்.

உழவு, உரம், விதை ஆகியவற்றைப் பற்றியே எழுதுவதற்குரிய ஒரு விவசாய போதகன் இவ்விஷயத்தை எடுத்துக்கொள்வானேன் என்று வாசகர்கள் வினவக்கூடும். காரணம் இதுவே: இக்கற்குவைகள் இக்காலத்தில் அழிவது பெரும்பாலும் உழவினாலும், நிலத்தைச் சமன் செய்வதனாலும், வரப்புக்கும் கிணற்றுக்கும் கல் எடுப்பதனாலுமே. ஆகவே அவற்றைக் காக்கும் ஆற்றலும் வேறெவரையும்விட உழவரிடத்திலேயே உள்ளது. அவற்றை விட்டுவைப்பதனால் குடியானவருக்கு உண்டாகும் நஷ்டம் மிக அற்பம் என்பதையும், அழிப்பதனால் நாட்டுக்கு உண்டாகும் நஷ்டம் எக்காலத்தும் ஈடு செய்ய முடியாதது என்பதையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவை பல வகைப்படும். கற்பலகைகளை நிறுத்திப் பெட்டிபோல் அமைத்து மண்ணில் புதைத்தது கற்பதுக்கை. தரைக்கு மேல் பலகைகளை நிறுத்தி மூடுகல் போட்டது கல்திட்டை. பெரிய மண்தாழியில் எலும்புகளை இட்டுப் புதைத்தது முதுமக்கள் தாழி. தொட்டி போன்று கால்கள் வைத்துச் சுட்ட மண்ணாற் செய்தது ஈமப்பேழை. குழியை மூடியபின் மேலே சிறு கற்களைக் குவித்தால் அது கற்குவை. சுற்றிலும் பெருங்கற்களைப் பதித்தால் அது கல்வட்டம். ஒரே இடத்தில் இவற்றுள் இரண்டு மூன்று சேர்ந்திருப்பதும் உண்டு. தண்டராம்பட்டுப் பக்கத்து மோட்டூரில் கல்வட்டங்களுக்கிடையே, தலையும் தோளும் உள்ள மனித உருவை ஒத்த பெரும் பலகைக்கல் ஒன்று நிறுத்தப்பட்டிருப்பதை ஆராய்ச்சியாளர்கள் சிறப்பித்துக் கூறுவர்.

இவற்றைச் செய்தோர் யாரோ காட்டுவாசிகள், நமக்கும் அவர்களுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்று எண்ணுவது தவறு. தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் 1876-ஆம் ஆண்டில் ஜெர்மனி தேசத்து அறிஞர் ஜாகோர் என்பவரும், பின்னர் 1899 முதல் 1905 வரையில் அலெக்ஸாந்தர் ரீ என்பவரும் அகழ்ந்து பார்த்தனர். அங்கே எடுத்த இரும்புப் பொருள்களில் மண்ணை வெட்டும் கருவிகளும் இருந்தன. கலயங்களில் நெல், சிறுதானியம் ஆகியவற்றின் உமியும் இருந்தது. பழனிக்கு அருகிலுள்ள பொருந்தலில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கா. ராஜன் 2009-ஆம் ஆண்டு தொடங்கி அகழ்ந்தபோது, ஒரு கற்பதுக்கையில் நான்கு கால் கொண்ட சாடியொன்றில் சுமார் 2 கிலோ நெல் இருக்கக் கண்டார். அந்நெல்லைச் சோதித்ததில் அது கி.மு. 490-ஐச் சேர்ந்தது என்று கணிக்கப்பட்டது. தூத்துக்குடி ஜில்லா சிவகளையில் ஒரு தாழியினுள் கிடைத்த நெல்லுமியின் காலம் கி.மு. 1155 என்று 2021-ஆம் ஆண்டில் அரசு அறிவித்தது. இறந்தவனோடு நெல்லையும் வைத்துப் புதைத்தவன் நெல்லின் அருமையை அறிந்தவன் அல்லவா? ஆகவே நாம் கலப்பையால் கிளறுவது அயலான் புதைகுழியை அன்று. நம் தொழிலை நமக்கு முன் செய்தவர்களின் புதைகுழியையே.

நம் ஜில்லாவிலேயே இதற்குச் சான்று உண்டு. வந்தவாசித் தாலுகாவைச் சேர்ந்த கீழ்நமண்டியில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையினர் 2023-ஆம் ஆண்டில் அகழாய்வைத் தொடங்கினர். அங்கே கல்வட்டங்களின் அடியில் ஈமப்பேழைகள் கிடைத்தன. ஒரு பேழையோடு கிடைத்த கரித்துண்டைச் சோதித்ததில் அதன் காலம் கி.மு. 1692 என்று தெரியவந்ததாக, 2025-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் வெளியிட்ட 'இரும்பின் தொன்மை' என்னும் அறிக்கையில் அத்துறை கூறியுள்ளது. திருவண்ணாமலைக் கோயிலின் கீழை இராஜகோபுரம் எழுந்தது 16-ஆம் நூற்றாண்டில். அந்தக் கோபுரத்தின் வயதைப்போல் ஏழு மடங்கு வயதுடையது கீழ்நமண்டிக் கரித்துண்டு.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்தக் கரித்துண்டு தங்கமன்று. அடுப்பில் அன்றாடம் விழும் கரியைப் போன்றதே. அது விலைமதிப்பற்றதானது எவ்வாறெனில், அடக்கம் செய்த காலத்தில் இருந்த இடத்திலேயே, மூடிய மண்ணுக்கடியில், கை படாமல் கிடந்ததனாலேயாம். அதே கரியைக் கலப்பை ஒருமுறை புரட்டிவிட்டால், அது எந்தக் குழியைச் சேர்ந்தது, அந்தக் காலத்ததா, போன வருஷம் சருகு கொளுத்தியதில் விழுந்ததா என்று எவராலும் சொல்ல இயலாது. உடைந்த பானையை ஒட்டலாம். சாய்ந்த கல்லை நிமிர்த்தலாம். ஆனால் மண்ணடுக்கு கலைந்தபின் அதை மீண்டும் அடுக்க எந்த வல்லுநராலும் ஆகாது. கற்குவையின் மதிப்பெல்லாம் அது கலையாதிருப்பதில்தான் அடங்கியுள்ளது.

சென்ற கோடையில் தண்டராம்பட்டுத் தாலுகாவில் மானாவாரி மல்லாட்டைக்கு நிலம் தயார் செய்வது பற்றிப் பேசச் சென்றிருந்தபோது, இவ்வாறு சிதைந்த கற்குவை ஒன்றை நேரில் பார்த்தேன். சுமார் 10 மீட்டர் குறுக்களவுள்ள வட்டம். அதில் ஒரு பாதி மட்டும் நின்றது. மறுபாதியின் கற்களை மண்வாரும் இயந்திரம் வரப்போரம் தள்ளியிருந்தது. நடுவில் நட்டிருந்த கற்பலகையின் மேல்விளிம்பு புதிதாக உடைந்து வெளுத்துத் தெரிந்தது. உழுத சாலில் உட்புறம் கறுத்தும் வெளிப்புறம் சிவந்தும் உள்ள ஓட்டுச் சில்லுகள் இறைந்து கிடந்தன. நிலத்துக்குரியவர் நல்ல உழைப்பாளி; எதையும் மறைத்துப் பேசவில்லை. தம் தகப்பனார் காலத்தில் அக்கற்களைச் சுற்றியே ஏர் ஓட்டியதாகவும், டிராக்டர் வந்தபின் அதனைச் சுற்றித் திருப்ப இடைஞ்சலாயிருந்ததாகவும், கல்லில் பட்டுக் கலப்பையின் கொழு முறிந்ததனால் தள்ளிவிட்டதாகவும் சொன்னார். தள்ளிய இடத்தில் பயிர் எப்படி என்று கேட்டேன். அங்கேதான் முதலில் வாடுகிறது என்றார். அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. மேல்மண் போய், அடியிலிருந்த சரளை மேலே வந்துவிட்டது. கிளறிய குழி மழைதோறும் அமிழ்ந்து பள்ளமாகிறது. கல்லைத் தள்ளிய இரண்டு மணி நேரத்து வாடகையும் வீண், நிலமும் வீண்.

முன்னோர் இவற்றை விட்டுவைத்ததற்கும் நாம் அழிப்பதற்கும் கருவியின் வேற்றுமையே முக்கியமான காரணம். நாட்டுக் கலப்பை சில அங்குல ஆழமே கீறும். கல் தட்டினால் மாடு நின்றுவிடும். ஏர் ஓட்டுபவர் கையைத் தூக்கி விலகிச் செல்வார். டிராக்டரில் பூட்டிய சட்டிக் கலப்பை அதைவிட ஆழமாகப் புரட்டும். உளிக் கலப்பை ஒன்றரை அடி வரையில் கிழிக்கும். மண்வாரும் இயந்திரமோ கல்லென்றும் மண்ணென்றும் பாராது. மேலும், பண்டைக்காலத்தார் விளைநிலத்தை விட்டு மேட்டுச் சரளையிலேயே தம் ஈமக்காடுகளை அமைத்தனர். நெடுங்காலம் அவ்விடங்கள் மேய்ச்சல் தரையாகவும் கரம்பாகவும் கிடந்தன. ஆழ்துளைக் கிணறும் மின்சார மோட்டாரும் வந்தபின் அம்மேடுகளும் சாகுபடிக்கு உட்பட்டன. இது முன்னேற்றமே, இதனை நான் குறை கூறவில்லை. ஆனால் புதுக்கருவியைக் கையாள்பவர், பழைய கருவி தானாகவே காத்துவந்ததைத் தம் புத்தியினால் காக்க வேண்டியவராகிறார்.

இனி லாபநஷ்டக் கணக்கைப் பார்ப்போம். 10 மீட்டர் குறுக்களவுள்ள கல்வட்டம் அடைக்கும் பரப்பு ஏறக்குறைய 78 சதுர மீட்டர்; ஒரு சென்ட் என்பது 40 சதுர மீட்டருக்குச் சற்று அதிகம்; ஆகவே வட்டம் முழுவதும் 2 சென்ட்டுக்குள் அடங்கும். சுற்றிலும் 2 மீட்டர் அகலம் உழாமல் விட்டாலும் மொத்தம் 4 சென்ட்டைத் தாண்டாது. மானாவாரியில் ஏக்கருக்கு 700 கிலோ மல்லாட்டைக் காய் கிடைப்பதாக வைத்துக்கொண்டால், அந்த 4 சென்ட்டில் கிடைக்கக்கூடியது 28 கிலோ. அதுவும் மண் நல்ல மண்ணாயிருந்தால். கற்குவையின் அடியிலோ கல்லும் சரளையுமே உண்டு. சாகுபடிச் செலவு போக நிற்கும் சொற்பத் தொகையைக் கொண்டு இயந்திர வாடகையை ஈடுகட்டப் பல பட்டங்கள் செல்லும். 28 கிலோ காயை ஒரு மூட்டை ஜிப்சத்தை உரிய காலத்தில் இட்டு மண் அணைப்பதனால் வேறிடத்தில் எளிதாகச் சம்பாதிக்கலாம்.

சிலர் புதையல் ஆசையினால் இவற்றைத் தோண்டுகின்றனர். ஆதிச்சநல்லூரில் மெல்லிய பொற்பட்டங்கள் சில கிடைத்தன என்பது உண்மையே. ஆனால் தமிழ்நாட்டில் அகழ்ந்த ஈமக்குழிகளில் பெரும்பாலும் கிடைப்பவை மட்கலங்கள், துருப்பிடித்த இரும்பு, மணிகள், எலும்பு ஆகியவையே. இரவில் குழி தோண்டியவர் பானையை உடைத்துப் பார்த்து, மண்ணைக் கண்டு ஏமாந்து, குழியை மூடாமலும் போய்விடுவர். மறுநாள் ஆடோ மாடோ அதில் விழும். மேலும், 1878-ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்து பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புப் பெறும் எப்பொருளைக் கண்டெடுத்தாலும் கலெக்டருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். அறிவிக்காது மறைப்போர் தம் பங்கை இழப்பதோடு சிறைத் தண்டனைக்கும் உள்ளாவர். நேர்மையாக அறிவிப்போருக்குச் சட்டம் பங்கும் அளிக்கிறது: உரிமையாளர் வேறாக இருந்து, இருவருக்கும் வேறு உடன்படிக்கை இல்லாவிடில், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கும் உரிமையாளருக்குக் கால் பங்கும் சேரும். சர்க்கார் பொருளைத் தானே எடுத்துக்கொண்டால் அதன் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

குடியானவர் மனத்திலுள்ள மற்றோர் அச்சத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். கல்வட்டம் இருப்பதாகத் தெரிவித்தால் சர்க்கார் நிலத்தை எடுத்துக்கொள்ளும் என்பதே அது. இந்த அச்சத்தினாலேயே சிலர், எவரும் பார்ப்பதற்கு முன் தள்ளிவிடுவது நலம் என்று கருதுகின்றனர். இதனை அறியாமை என்று ஒதுக்கிவிடலாகாது; நிலம் ஒன்றையே நம்பி வாழ்பவனுக்கு இது நியாயமான கவலையே. உண்மை யாதெனில், ஓரிடத்தைப் பாதுகாக்கப்பட்ட இடமாக்க வேண்டுமானால் அதற்கென 1966-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் உண்டு. அரசிதழில் முறையாக அறிவிப்பு வெளியிட்டே அவ்வாறு செய்ய இயலும். ஒருவர் தகவல் தெரிவித்தார் என்பதனாலேயே அவருடைய பட்டா பறிபோவதில்லை. ஆயினும் வாய்மொழியாக நாங்கள் கூறும் தைரியம் போதாது. கற்குவையைக் காப்பாற்றித் தகவல் கொடுக்கும் குடியானவருக்கு, மற்ற நிலத்தில் அவர் சாகுபடி செய்வதற்குத் தடையில்லை என்பதைத் தாசில்தார் எழுத்து மூலம் தெரிவிக்கும் வழக்கம் ஏற்பட வேண்டும். உழாமல் விட்ட அந்த 4 சென்ட்டுக்குத் தீர்வையையும் தள்ளிக் கொடுக்கலாம். தொகை காசுக் கணக்கில்தான் இருக்கும். ஆனால் அது குடியானவரின் செயலைச் சர்க்கார் மதித்ததற்கு அடையாளமாகும்.

வெளிநாட்டுக் குடியானவர் இவ்விஷயத்தில் நடந்துகொள்வதையும் அறிந்துகொள்ளலாம். பாலுக்கும் வெண்ணெய்க்கும் பேர்போன டென்மார்க்கில் நிலத்தின் பெரும்பகுதி உழவுக்கு உட்பட்டது. அங்கும் பண்டைக்கால ஈமமேடுகள் வயல்களின் நடுவே நிறைந்துள்ளன. உழவினால் பல அழிந்தபின், 1937-ஆம் ஆண்டில் கண்ணுக்குத் தெரியும் ஈமமேடுகள் அனைத்துக்கும் அத்தேசம் சட்டப் பாதுகாப்பு அளித்தது. இப்போது மேட்டின் அடிவிளிம்பிலிருந்து 2 மீட்டர் வரையில் உழுதலும் உரமிடுதலும் கூடாதென்று விதித்துள்ளது. அதனால் அங்குள்ள விவசாயம் தாழ்ந்துவிடவில்லை. கோதுமைப் பயிரின் நடுவே பசும்புல் மூடிய மேடு நிற்கிறது. உழுபவர் சுற்றிச் செல்கிறார்.

நம் நாட்டிலும் இந்த நற்பழக்கம் புதிதன்று. செங்கம் பகுதியிலுள்ள நடுகற்கள் 1970-ஆம் ஆண்டை ஒட்டி ஆராயப்பட்டு, தொல்லியல் துறை இயக்குநராயிருந்த இரா. நாகசாமி அவர்களால் 1972-ஆம் ஆண்டில் 'செங்கம் நடுகற்கள்' என்னும் நூலாக வெளியாயின. ஆநிரை மீட்டு உயிர்விட்ட வீரர்களுக்கு நட்ட அக்கற்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கொல்லைகளின் நடுவே நின்றது எவ்வாறு? வேடியப்பன் என்று பெயரிட்டுக் குடியானவர் பல இடங்களில் பொங்கலிட்டு வணங்கிவந்ததே அதற்குப் பெரிதும் காரணம். நடுகல்லில் வீரன் உருவம் உண்டு. கற்குவையில் உருவமும் இல்லை, எழுத்தும் இல்லை. ஆதலால் அதற்குப் பூசையும் இல்லை, காவலும் இல்லை. பூசை வேண்டாம்; காவல் மட்டும் போதும்.

கற்குவையையும், கொல்லையில் பொறுக்கிப் போட்ட கற்குவியலையும் வேறு பிரித்தறிவது கடினமன்று. பொறுக்கிப் போட்டது பெரும்பாலும் வரப்போரத்திலோ பாறை மீதோ இருக்கும், கற்கள் தாறுமாறாகக் கிடக்கும், எளிதாகப் புரளும். ஈமக் கற்குவையில் வெளிக்கற்கள் பெரியவையாய், ஏறக்குறைய ஒரே அளவினவாய், மண்ணில் பதிந்து, வட்டமாக நிற்கும். நடுவே சற்று மேடாகவும், சில இடங்களில் பலகைக்கல்லின் விளிம்பு தரைமட்டத்தில் தெரியும்படியும் இருக்கும். சுற்றுப்புறத்தில் கறுப்பும் சிவப்புமான வழவழப்புள்ள ஓடுகள் கிடைத்தால் ஐயமே வேண்டாம். ஒன்று இருக்குமிடத்தில் பல இருப்பது வழக்கம். ஆகையால் பக்கத்துக் கொல்லைகளையும் பார்க்க வேண்டும்.

அத்தகைய இடம் தம் நிலத்தில் உள்ள குடியானவர் பின்வருமாறு செய்தல் நலம். வெளிக்கற்களிலிருந்து 2 மீட்டர் தள்ளி நான்கு முளைகள் அடித்து, டிராக்டர் ஓட்டுபவருக்கு முன்னதாகவே காட்டிவிட வேண்டும். வாடகைக்கு வரும் ஓட்டுநருக்கு ஊர் நிலம் தெரியாது. அதன்மேல் வேம்பு, புளி, தென்னை முதலிய மரங்கள் வைக்கலாகாது. வேர் பலகைகளைப் பிளந்துவிடும். முளைத்த முட்செடிகளை வேரோடு பிடுங்காமல் தரையோடு வெட்ட வேண்டும். புல் வளர்ந்தால் ஆடு மேயலாம், அதனால் தீங்கில்லை. பாசன வாய்க்காலையும் குழாயையும் அதன் குறுக்கே தோண்டாமல் சுற்றிக் கொண்டுபோக வேண்டும். ஏற்கெனவே சிதைந்திருந்தால் கற்களைத் தாமே எடுத்து அடுக்க முயலாமல், அப்படியே விட்டுத் தகவல் தெரிவிப்பதே முறை; பாதி சிதைந்ததிலும் மறுபாதியில் செய்தி இருக்கும்.

கிராம நிர்வாக அதிகாரிகளுக்கும் ஒரு விண்ணப்பம். பயிராய்வுக்காக நிலங்களைச் சுற்றிவரும்போது காணும் கல்வட்டங்களை, சர்வே எண்ணோடு அடங்கலின் குறிப்புப் பத்தியில் எழுதிவைத்து, அதன் நகலைத் தாசில்தார் மூலம் தொல்லியல் துறைக்கு அனுப்பலாம். ஏரியும் கிணறும் மரமும் கிராமக் கணக்கில் ஏறுகையில், மூவாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட கல் மட்டும் ஏறாதிருப்பது பொருத்தமன்று. சரளை மண் எடுக்க அனுமதி கோரும் மனுக்களை விசாரிக்கும்போதும் அந்த மேட்டை ஒருமுறை நேரில் பார்த்தல் அவசியம்.

எங்கள் பக்கத்துக் கடமையும் உண்டு. நிலத்தைச் சமன் செய்யும் இயந்திரங்களை வேளாண்மைப் பொறியியல் துறை குறைந்த வாடகையில் குடியானவருக்கு அளித்துவருகிறது. அதற்கான விண்ணப்பத்தில், இந்நிலத்தில் கல்வட்டமோ கற்குவையோ உண்டா என்று ஒரு வரி சேர்த்தால் செலவு ஒன்றுமில்லை. சர்க்கார் இயந்திரமே சர்க்கார் காக்க வேண்டியதை அழிக்கும் விபரீதமும் நேராது. ஆழ உழவேண்டுமென்று கிராமந்தோறும் உபதேசிக்கும் என் போன்றோரும், எங்கே உழக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆடிப்பட்டத்துக்கு ஏர் பூட்டுமுன் ஒவ்வொரு நிலச்சுவான்தாரும் தம் மேட்டுக் கொல்லையை ஒருமுறை சுற்றிப் பார்த்து, அங்கே கல்வட்டம் இருந்தால் முளையடித்து, கிராம அதிகாரிக்குத் தெரிவிப்பாராக. நான்கு சென்ட் சரளையை விட்டுக் கொடுப்பது பெரிய தியாகமன்று. ஆனால் அதனைச் செய்ய வேண்டிய காலம் உழவுக்கு முன்புதான், பின்பு அன்று என்பதே எனது தாழ்மையான அபிப்பிராயம்.